பதினேழாவது கல்

மார்ச் 3

மதிப்பிற்குரிய அடையாளப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். யார் எந்தக் கல்லைக் கொண்டுவந்தாலும் அது என்னவென்று முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தரப்படும் என்று உங்கள் அருங்காட்சியக வாசலில் பலகை வைத்திருக்கிறீர்கள். பொதுமக்களுக்கான சேவை என்று போட்டிருக்கிறது. நானும் பொதுமக்களில் ஒருவன்தான்.

தொழில், பல் செட் செய்வது. அப்பா நடத்திய பட்டறையை இப்போது நான் நடத்துகிறேன். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில், சிமென்ட் ஆலைக்காரர்கள் வெட்டிவிட்டுப் போன பழைய சுண்ணாம்புக்கல் குழியில் கல் பொறுக்குகிறேன். கற்கள் சமையலறை மேடை வரை வந்துவிட்டன. “ஒண்ணு கல்லு இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன், முடிவு பண்ணுங்க” என்கிறாள் என் மனைவி. முடிவு பண்ணத்தான் தங்கள் உதவியை நாடுகிறேன்.

இத்துடன் கல்லாகிப்போன ஆறு சிப்பிகள், எண் போட்டு அனுப்பியிருக்கிறேன். படிவமும் உண்டு. கிடைத்த இடம், ஆழம், தேதி எல்லாம் எழுதியிருக்கிறேன். ‘ஒட்டியதா? பழுது பார்த்ததா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டிருக்கிறேன்.

அந்தப் பிரிவில் ஒரே ஒரு அலுவலர்தான் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய வீட்டு முகவரிக்கு எழுதினால் கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வரும் என்பதும் தெரியும். இதுவரை நான்கு வந்திருக்கின்றன. போனில் என் நம்பரை அவர் தடுத்து வைத்து நான்கு வருடம் ஆகிறது. அதனால்தான் முன்வாசல் வழியாக, பலகையைப் படித்துவிட்டு வருகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
பொதுமக்களில் ஒருவன்
(தங்கள் அண்ணன்)


மார்ச் 31

அன்புடையீர்,

தாங்கள் அனுப்பிய ஆறு மாதிரிகளும் பெறப்பட்டன. பலகையில் உள்ள முப்பது நாளில் இன்னும் இரண்டு மீதமிருக்கின்றன.

இவை சிப்பிகள் அல்ல. சிப்பி போலத் தோன்றும் வேறு உயிரினம். பெயர் பிராக்கியோபாட். சிப்பிக்கு இரண்டு ஓடுகளும் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும், ஆனால் ஒவ்வொரு ஓடும் தனியே பார்த்தால் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். இதில் ஒரு ஓடு பெரிது, மற்றது சிறிது. ஆனால் எந்த ஓட்டையும் நடுவே வகிர்ந்தால் இரு பாதியும் ஒன்று போல இருக்கும். பெரிய ஓட்டின் மூக்கு நுனியில் ஒரு துளை இருக்கும். உயிரோடு இருந்தபோது அதன் வழியாக ஒரு காம்பை நீட்டிப் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எந்த வகை என்று சொல்ல அந்தத் துளையும் மூக்கும் முக்கியம். தங்கள் ஆறில் மூன்றுக்கு மூக்கு நன்றாக இருக்கிறது. அவை மூன்றும் ஒரே வகை. மற்றவை அரைகுறை.

கற்களைச் சுற்றியிருந்த மூன்று ஜோடிக் கம்பளிக் காலுறைகள் சேகரிப்பில் சேர்க்கப்படவில்லை. அவை அலுவலரின் அளவில் இருந்தன. திருப்பி அனுப்பப்படமாட்டா.

இப்படிக்கு,
அலுவலர், அடையாளப் பிரிவு


ஏப்ரல் 7

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்த அன்று பட்டறையில் ஒரு பெரியவர் அளவு கொடுக்க வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கடிதத்தைப் பிரித்துப் படித்து முடிக்கும்வரை அவர் வாயை மூடவில்லை. அவ்வளவு நல்ல மனிதர். நான் வாயெல்லாம் பல்லாக நிற்பதைப் பார்த்து, “என்ன தம்பி, லாட்டரியா?” என்று கேட்டார், அச்செடுக்கும் பசை வாயில் இருந்ததால் எனக்கு மட்டும் புரிகிற மாதிரி.

மூன்று வருடமாகச் சிப்பி, சிப்பி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி யாரிடம் போய்த் திருத்துவேன்? இருக்கட்டும். இத்துடன் ஏழு முதல் பன்னிரண்டு வரை.

சுத்தம் செய்வது எப்படி என்று தாங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பல்லில் காறை சுரண்டும் கொக்கி, சின்ன சக்கரம், ஊதுகுழல். பல் வேலைக்கும் இதற்கும் ஒரே சாமான்தான். கல் கத்தாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அலுவலர் பாதத்தின் அளவை மறக்காமல் காலுறை பின்னியவள் தங்கள் அண்ணி. இந்த முறை நீல நிறம். அவளுக்கு மூட்டுவலி. உட்கார்ந்து செய்கிற வேலை இது ஒன்றுதான் என்று பின்னிக்கொண்டே இருக்கிறாள்.

இப்படிக்கு,
பொதுமக்கள்


ஏப்ரல் 22

கல் அனுப்புகிற பொதுமக்களுக்கு,

எட்டும் பதினொன்றும் நல்லவை. ஒன்பது வெறும் கல். அதை எதற்கு அவ்வளவு பளபளப்பாகத் தேய்த்தாய்? பத்தாம் எண் உண்மையிலேயே ஒரு சிப்பி. சந்தோஷமா?

அண்ணியை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். படிக்கட்டில் ஏறி இறங்கும் வேலையை நீ செய்.

‘நீ’ என்று எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை. அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கல்லைப் பற்றி மட்டும் பேசலாம்.

பல் பட்டறை வேண்டாம், கல் படிக்கப் போகிறேன் என்று நான் வீட்டை விட்டு வந்தது முதல் அப்பா என்னிடம் பேசவில்லை. பதினேழு வருடம். அவர் போன அன்று நான் ஓடி வந்து உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், ஏதாவது சொன்னாரா என்று. “உன்னத்தான் கேட்டாரு. ‘கல்லுக்காரி வந்தாளா?’ன்னாரு” என்று நீ சொன்னாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் நான் நிம்மதியாக இருந்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவே சொன்னபோது அத்தை, “உங்கப்பன் யாரையும் கேக்கலையேம்மா. நான் பக்கத்துலதானே இருந்தேன்” என்றாள். அந்தப் பத்துப் பேரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அப்பா கேட்கவில்லை என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இல்லாததை இருப்பதாக நீ கொடுத்ததுதான் ஆறவில்லை. அப்போதிருந்து நீ சொன்ன எதை நம்புவது என்று தெரியாமல் போய்விட்டது.

சொல்லிவிட்டேன். இனி கல்.

அலுவலர்


மே 5

அன்புத் தங்கைக்கு,

இதற்குமேல் ‘மதிப்பிற்குரிய’ என்று எழுதினால் கை கூசும்.

நீ சொன்னதெல்லாம் சரி. நான் செய்தது தப்பு. ஏன் செய்தேன் என்று கேட்டால் எனக்கே சொல்ல வரவில்லை. நான்கு கடிதத்தில் நான்கு விதமாகக் காரணம் எழுதினேன். திரும்பி வந்ததும் பிரித்துப் படித்துப் பார்த்தேன். ஒன்றும் உருப்படியாக இல்லை, நீ படிக்காததே நல்லது.

இத்துடன் பதின்மூன்று முதல் பதினெட்டு வரை. குழியின் தெற்கு மூலையில் மழையில் கொஞ்சம் சரிந்திருந்தது. பதினேழு அங்கே கிடைத்தது. அதற்கு மட்டும் நான்கு மாலை செலவழித்தேன். ரொம்ப அழகாக வந்திருக்கிறது, உனக்குப் பிடிக்கும். படிவத்தை வழக்கம்போல நிரப்பியிருக்கிறேன்.

அண்ணிக்கு ஒத்தடம் நடக்கிறது. படிக்கட்டில் நான்தான் ஏறி இறங்குகிறேன். அலுவலரின் உத்தரவு என்று அவள் தினமும் ஞாபகப்படுத்துகிறாள்.

அண்ணன்


மே 21

அண்ணா,

உட்கார்ந்து படி. பதினேழு!

முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஓட்டில் உள்ள வரிகளை எண்ணினால் ஒரு குடும்பம். மூக்கைப் பார்த்தால் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத மூக்கு. துளை நுனியில் இல்லை, நுனிக்குக் கீழே தனியாக, வட்டமாக, அச்சில் வார்த்தது போல இருக்கிறது. இங்கே உள்ள எல்லா இழுப்பறைகளையும் திறந்து பார்த்துவிட்டேன். புத்தகங்களையும் பார்த்துவிட்டேன். இப்படி ஒன்று கிடையாது. தலைமைக் காப்பாளர், எதைக் காட்டினாலும் “உம்” என்கிற மனிதர், இதைப் பார்த்து “ஓ” என்றார். இருபது வருடத்தில் நான் கேட்ட முதல் “ஓ”.

புது வகை, அண்ணா. கட்டுரை பாதி எழுதிவிட்டேன். ஜூன் பதினைந்தாம் தேதி இதழுக்கு அனுப்ப வேண்டும். இது வெளிவந்தால் எனக்கு முதுநிலைப் பதவி கிடைக்கும் என்று அவரே சொன்னார். பேரை நான்தான் வைக்க வேண்டும். கண்டெடுத்தவரின் பேரை வைப்பது வழக்கம். உன் பேருக்குப் பின்னால் லத்தீனில் ஒரு வால் ஒட்டப் போகிறேன். உலகம் உள்ளவரை இருக்கும்.

நான்கு வருடம் உன் கடிதங்களைத் திருப்பி அனுப்பினேனே என்று நேற்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். வருத்தமாக இருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. நீலக் காலுறை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன் தங்கை


ஜூன் 3

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

அந்த மூக்கு நான் செய்தது.

பதினேழு கிடைத்தபோது மூக்கு உடைந்து போயிருந்தது. மற்றபடி குறையே இல்லை. எனக்கு மனது கேட்கவில்லை. குழியில் கிடந்த கல்லை மாவாக அரைத்து, பல் செட்டுக்குப் போடும் பிளாஸ்டிக்கில் கலந்து, நிறம் பொருந்தும்வரை நான்கு மாலை பார்த்துப் பார்த்துச் செய்தேன். துளை நுனியில்தான் இருக்கும் என்று நீ எழுதியிருந்தாய். ஆனால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் மெல்லிசாகிவிடும், விரிசல் விடும். அதனால் கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டேன். எந்தத் தொழிலாளியும் அப்படித்தான் செய்வான். அது உலகத்தில் இல்லாத துளை ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

‘பழுது பார்த்ததா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்றுதான் எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது பொய் என்றே தோன்றவில்லை. இருபத்தாறு வருடமாக இல்லாத பல்லை இருப்பது போலக் காட்டுவதுதான் என் பிழைப்பு. “தெரியுமா?” என்று வருகிறவர்கள் கேட்பார்கள். “தெரியவே தெரியாது” என்பேன். கை அந்தப் பழக்கத்திலேயே எழுதிவிட்டது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். என் பேர் என்பதற்காக இல்லை. உன் கடிதத்தில் நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். ஆனால் இந்த முறை பத்துப் பேர் இல்லை, உலகம் முழுக்கப் பார்க்கும். கட்டுரையை நிறுத்து.

என்னை மன்னி என்று கேட்க வாய் வரவில்லை. உன் அண்ணி இதைப் படித்துவிட்டு, “அனுப்பிடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன்


ஜூன் 7

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. கட்டுரை நிறுத்தப்பட்டது. தலைமைக் காப்பாளரிடம் நேரில் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்க வேண்டாம்.

வேறு யார் அனுப்பியிருந்தாலும் மூக்கின் மீது ஒரு சொட்டு அமிலம் விட்டிருப்பேன். சுண்ணாம்பு என்றால் பொங்கி நுரைக்கும், பிளாஸ்டிக்கில் கலந்த மாவு அப்படி நுரைக்காது. ஒரு நிமிட வேலை. முதல் ஆண்டு மாணவர்கள் செய்வது. என் அண்ணன் அனுப்பிய கல்லில் எதற்கு வடு என்று விடவில்லை.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அப்பாவின் கடைசி நாள். நடந்தது நடந்தபடி. ஒரு வார்த்தைகூட நிரப்பாமல். இடையில் ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள்.

அலுவலர், அடையாளப் பிரிவு


ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

நடந்தது இதுதான்.

காலையில் கஞ்சி இரண்டு கரண்டி குடித்தார். யாரைப் பற்றியும் பேசவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னார், கொஞ்ச நேரம் கழித்துத் திறக்கச் சொன்னார். மத்தியானம் அத்தை நாற்காலியில் கண் அசந்துவிட்டாள். மூன்று மணி இருக்கும். “கீழ் வரிசை குத்துதுடா. என்னத்த செஞ்சே, சரி பண்ணு” என்றார். நான் செய்து கொடுத்த செட். கழற்றி வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். அரம் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து இடதுபக்க ஓரத்தைத் தேய்த்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். அவர் போய்விட்டிருந்தார்.

அவ்வளவுதான். உன்னைக் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. கடைசியாக என் வேலையில் குறை சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் வராந்தாவில் இருந்தேன். இதை அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை.

சாயங்காலம் நீ பையோடு வந்து நின்று, “ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டாய். உன் உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அழுகையை அடக்கும்போது அப்படித்தான் கோணும். அந்த இடத்தை வெறுமனே விட என்னால் முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். கல்லுக்காரி என்பது அப்பாவின் வார்த்தை இல்லை. பட்டறைக்கு வருகிறவர்களிடம் உன்னைப் பற்றிப் பெருமையடிக்கும்போது நான் சொல்கிற பேர் அது. “என் தங்கச்சி கல்லுக்காரி, பெரிய மியூசியத்துல இருக்கா” என்பேன். அதை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டேன்.

இதில் நிரப்பியது ஒன்றும் இல்லை. பதில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை, முப்பது நாள் கணக்கும் வேண்டாம்.

அண்ணன்


ஜூலை 4

அண்ணா,

முப்பது நாள் கணக்கு எனக்கு உண்டு. இன்று இருபத்து மூன்று.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அப்பா என்னைக் கேட்கவில்லை என்பதற்கு ஒரு முறை. நீ அந்த அரத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கு ஒரு முறை. ஆறு வருடம் இதை யாரிடமும் சொல்லாமல் எப்படி இருந்தாய்? முதலில் அண்ணியிடம் சொல். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, இப்போதே.

பதவி இந்த வருடம் கிடைக்காது. போனால் போகிறது என்று எழுத எனக்கு மனதில்லை. வலிக்கத்தான் செய்கிறது. உன்மேல் கோபம் இரண்டு வாரம் இருந்தது, இன்னும் ஓரத்தில் கொஞ்சம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். தலைமைக் காப்பாளர் தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து மீசையை இழுத்துக் காட்டி, “இது அசல்தாம்மா, வேணும்னா ஒரு சொட்டு விட்டுப் பாருங்க” என்கிறார். நாலாவது நாள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பதினேழை இரண்டு நாள் கரைப்பானில் ஊறப்போட்டேன். உன் மூக்கு இளகிக் கழன்று வந்தது. அண்ணா, அது என்ன வேலை! உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன், ஓட்டில் உள்ள வளர்ச்சிக் கோடுகளைக்கூட முடி முடியாக இழுத்திருக்கிறாய். நான் ஏமாந்ததில் எனக்கு அவமானம் கொஞ்சம் குறைந்தது. அதற்கடியில் உடைந்த விளிம்பு அப்படியே இருக்கிறது. அந்த விளிம்பும் ஓட்டின் வரிகளுமே போதும், வகை தெரிந்துவிட்டது. உன் முதல் பெட்டியில் வந்த மூன்றும் இதுவும் ஒன்றுதான். உன் குழியில் கை வைத்த இடமெல்லாம் கிடைக்கிற சாதாரண வகை.

இதோடு பதினேழைத் திருப்பி அனுப்புகிறேன். பயப்படாதே, வேண்டாம் என்று இல்லை. நாங்களும் இங்கே உடைந்ததை நிரப்புவோம். ஆனால் நிரப்பிய இடம் பார்த்ததும் தெரிகிற மாதிரி வேறு நிறத்தில் நிரப்புவோம், எது அசல், எது நாம் வைத்தது என்று பார்ப்பவர் குழம்பக் கூடாது. அவ்வளவுதான் விதி. நிரப்பக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உன்னிடம் பல் செட்டுக்குப் போடுகிற ஈறு நிறம் இருக்கிறதே, அந்த ரோஸ் நிறத்தில் ஒரு மூக்கு செய்து அனுப்பு. பொதுமக்கள் கூடத்தில் ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க இடம் வாங்கிவிட்டேன். சீட்டும் எழுதிவிட்டேன். ஓட்டின் வயது, கிடைத்த இடம், அதற்குக் கீழே ‘மூக்கு: அலுவலரின் அண்ணன் செய்தது’. தலைமைக் காப்பாளர் படித்துவிட்டு “உம்” என்றார்.

நான்கு வருடமாக என்னை உறுத்தியது, அந்தப் பேரை அப்பா சொல்லவில்லையே என்பதுதான். அதைச் சொல்ல ஒருவர் இருந்தார் என்பதை நான் கவனிக்கவே இல்லை. பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். வாயைத் திறந்தபடி உட்கார்ந்து எத்தனை பேர் கேட்டார்களோ, பாவம்.

போனில் உன் நம்பரைத் திறந்துவிட்டேன். அண்ணியிடம் பேசிக்கொள்கிறேன். நீ எழுது.

இப்படிக்கு,
கல்லுக்காரி

பி.கு. துளையை நுனியிலேயே போடு. உடைந்தால் உடையட்டும்.